குமரிமுனையில் அன்று நிலா எத்தனை மணிக்கு எழுந்தது?

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசை. பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, ப்ரொஜெக்டர் இருக்கிறது. யூடியூபில் நல்ல வீடியோவாகத் தேடிப் போடுகிறேன். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் 'இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?' என்கிறார்கள். இந்தக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது?"

டீச்சர், நான் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன். என் வகுப்பிலும் தூங்கியிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தால் நானே தூங்கிவிடுவேன். வீடியோவில் எல்லாவற்றையும் அதுவே சொல்லி முடித்துவிடுகிறது, பிள்ளைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எனக்குக் கம்ப்யூட்டர் உதவியது வேறு விதத்தில். ஒருவர் சொன்னதை உண்மைதானா என்று தோண்டிப் பார்க்க உதவியது. அதைச் சொல்கிறேன், உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலாவில் இருந்து ஆரம்பிக்கிறேன். நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரி, மார்ச்சில் ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார். பிப்ரவரி 22 அன்று திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து குமரிமுனைக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மனைவி கொரெட்டாவோடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். பெரிய நெருப்புப் பந்துபோல அது கடலில் மூழ்கும் நேரத்தில் மனைவி அவரைத் தொட்டுத் திருப்பிக் காட்ட, மறுபக்கம் நிலா கடலிலிருந்து எழுந்துகொண்டிருந்ததாம். இருட்டுக்குள்ளும் ஒரு வெளிச்சம் வரும் என்பதற்கு அந்தக் காட்சியை அவர் எடுத்துச் சொன்னார்.

இதை நான் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "நம்ம கன்னியாகுமரியிலயா சார்?" சரி, இப்போது கேள்வி: இப்படி நடந்திருக்க முடியுமா? ஸ்டெல்லேரியம் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தேதி, எந்த மணி என்று கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டும். ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே ஓடும். ஊரைக் கன்னியாகுமரி என்று வைத்து, தேதியை 1959 பிப்ரவரி 22 என்று வைத்து, மாலை ஆறு மணியிலிருந்து நேரத்தை மெதுவாகத் தள்ளச் சொன்னேன்.

பிப்ரவரியில் சூரியன் மேற்கே கடலில்தான் இறங்கும், அது சரி. நிலாவும் ஏறக்குறைய முழு நிலா, அதுவும் சரி. ஆனால் சூரியன் தொடுவானைத் தொடும்போது நிலா ஏற்கெனவே கிழக்கே மேலே வந்துவிட்டது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஏறக்குறைய அந்த உயரம். "அப்போ கிங் பொய் சொன்னாரா சார்?" என்று ஒரு பையன். "அவரு மேற்கையே பாத்துட்டு இருந்திருப்பாரு, அந்தம்மா தொட்டப்புறம்தான் திரும்பினாரு, அவருக்கு அப்பத்தான் எழுந்தது" என்று இன்னொருத்தி. கடலோர ஊர்ப் பையன் ஒருவன், தொடுவானை ஒட்டி மேகம் நின்றால் நிலா தாமதமாகத்தான் தெரியும் என்றான். அவன் அப்பா வள்ளத்தில் போகிறவர், அவனுக்கு அது பாடம் இல்லை. கடைசியில் ஒரு பெண் தேதியை அடுத்த நாளுக்குத் தள்ளிப் பார்த்தாள். 23ஆம் தேதி மாலையில் சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஏறத்தாழ ஒரே நேரம். அன்றுதான் பௌர்ணமி. "தேதியை அவர் மறந்திருப்பார் சார்" என்றாள்.

நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவருடைய பயணத்தில் எந்த நாள் எங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும் என்றேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிங் ஆய்வு நிறுவனம் அவருடைய கடிதங்களையும் உரைகளையும் இணையத்தில் வைத்திருக்கிறது. மறுவாரம் நான் கேட்காமலே நாலு பேர் அதைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நாற்பது நிமிடத்தில் இத்தனையும் நடந்தது. சாட்சி என்றால் என்ன, நினைவு எப்படி நகரும், ஒரு செய்தியை எதோடு வைத்துப் பார்ப்பது என்று நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவற்றை அன்று எழுதிப் போட வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு சிறிய வேலையும் அதே பாறையை வைத்துச் செய்யலாம். கூகுள் எர்த்தில் குமரிமுனையைத் திறந்து, கிங் பார்த்திருக்க முடியாதவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். விவேகானந்தர் மண்டபம் 1970இல் வந்தது, வள்ளுவர் சிலை 2000இல். காந்தி மண்டபம் மட்டும் 1956இலேயே வந்துவிட்டது. அப்படியே காந்திக்குப் போய்விடலாம். 1925இல் அவர் குமரி அம்மன் கோயிலுக்கு வந்தபோது பிரகாரம் சுற்றவிட்டார்கள், உள்ளே விடவில்லை. இங்கிலாந்து போய்வந்தவர், கடல் கடந்தவர் என்பது காரணம். அதை அவரே எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்துகள் முழுத் தொகுப்பாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தேதி வைத்துத் தேடலாம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில், எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது, 1937 ஜனவரியில் அவர் மறுபடி இங்கே வந்தார். பாடப் புத்தகத்தில் இருக்கும் காந்தியையே வாசலில் நிறுத்தினார்கள் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போன கதையும் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்" என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றதாம். அப்புறம் தன் நாட்டில் தன் மக்கள் இருக்கும் நிலையை யோசித்துவிட்டு, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். 1965 ஜூலை 4 அன்று தன் தேவாலயத்தில் பேசும்போது இதை விவரித்திருக்கிறார். அமெரிக்கப் போராட்டத்தையும் நம் ஊரையும் இணைக்க இதைவிட நேரான பாதை எனக்குத் தெரியாது. டிம்பக்டூவில் நடந்ததுபோல் இல்லாமல் பக்கத்து ஊரில் நடந்ததாகிவிடுகிறது.

ஒரு சொல் விஷயம், இடையில். 'குடியுரிமைப் போராட்டம்' என்று பலர் எழுதுகிறார்கள். கறுப்பின மக்களுக்குச் சட்டப்படி குடியுரிமை 1868இலேயே கிடைத்துவிட்டது. பேருந்தில் உட்காரவும், பள்ளியில் சேரவும், ஓட்டுப் போடவும்தான் விடவில்லை. அதனால் 'குடிமை உரிமை' என்று சொல்லிப் பழக்குங்கள். இந்த வேறுபாட்டைச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அப்புறம் படங்கள். மான்ட்கோமரி என்ற ஊரில் பேருந்து இருக்கையை வெள்ளைக்காரருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானவர் ரோசா பார்க்ஸ். அதை எதிர்த்துத்தான் அங்கே கறுப்பின மக்கள் பேருந்துகளையே புறக்கணித்தார்கள். ரோசா பார்க்ஸ் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, பின்னால் ஒரு வெள்ளைக்காரர் இருக்கும் படம் எல்லோரும் பார்த்ததுதான். கைதான அன்று எடுத்த படம் என்றே பரப்புகிறார்கள். அவர் கைதானது 1955 டிசம்பர் 1. அந்தப் படம் எடுத்தது 1956 டிசம்பர் 21, புறக்கணிப்பு முடிந்த மறுநாள், பத்திரிகைக்காக. பின்னால் இருப்பவரே ஒரு செய்தியாளர். 7053 என்ற எண் பலகையோடு அவர் நிற்கும் போலீஸ் படமும் முதல் கைதின்போது எடுத்ததில்லை. புறக்கணிப்பை நடத்தியதற்காகப் பலரையும் கைது செய்தார்களே, அந்த 1956 பிப்ரவரி 22ஆம் தேதி எடுத்தது. இந்த இரண்டு படங்களையும் பிள்ளைகளிடம் கொடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு தளம் ஒன்று சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். எதை நம்புவது, ஏன்? குடும்ப வாட்ஸாப் குழுவில் தினமும் வந்து விழும் படங்களை இந்தப் பிள்ளைகள்தான் நாளைக்குச் சோதிக்க வேண்டும். பயிற்சி இங்கே கிடைக்கட்டும்.

வயதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கிளாடெட் கொல்வினுக்கு வயது 15. 1951இல் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில், தார்க் காகிதம் அடித்த கொட்டகையில் இனிப் படிக்க மாட்டோம் என்று நானூற்றுச் சொச்சம் மாணவர்களை வெளியே நடத்திக்கொண்டு போன பார்பரா ஜான்ஸுக்கு 16. அந்த வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் போய்ச் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. 'எங்க வயசா!' என்ற அந்த நொடிக்காக எந்த மென்பொருளும் வேண்டாம்.

மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் என்று புத்தகங்கள் சொல்லும். எண்ணைச் சொல்லாதீர்கள். தொடங்கிய தேதி 1955 டிசம்பர் 5, முடிந்த தேதி 1956 டிசம்பர் 20 என்று மட்டும் கொடுத்து எக்ஸெலில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு தங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை மேப்பில் அளந்து, போக வர நடந்தால் அத்தனை நாளில் எத்தனை கிலோமீட்டர் என்று பெருக்கச் சொல்லுங்கள். திருவட்டார் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை போட்ட கணக்கைப் பார்த்து வகுப்பே வாயைப் பிளந்தது. ஒரு எச்சரிக்கை: எக்ஸெலுக்கு 1900க்கு முன்னால் தேதியே கிடையாது. பின்னால் சொல்லப்போகும் நம் ஊர்க் கதையின் 1859ஐ அதில் போட்டால் வெறும் எழுத்தாக நின்றுவிடும், கழிக்காது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் போடுங்கள். நான் ஒரு பீரியட் முழுக்க இதில் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இப்போது நான் செய்த தவறு ஒன்று. நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பல வருடம் முன்பு, வகுப்பைப் பேருந்தாக மாற்றினேன். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரைப் பின்னால் உட்கார வைத்து, முன்னால் இருப்பவர் கேட்டால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். ஒரு பையன் மட்டும் எழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மணி அடித்ததும் போய்விட்டான், இரண்டு நாள் வரவில்லை. அவன் தாத்தாவுக்கு டீக்கடையில் தனித் தம்ளர் கொடுத்த கதை அவன் வீட்டில் அடிக்கடி பேசப்படுவது என்று பிறகுதான் தெரிந்தது. நான் விளையாட்டாக நடத்தியது அவனுக்கு விளையாட்டாக இல்லை. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் இதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் விளையாட்டாகவும் செய்து வைத்திருக்கிறார்கள். அடிமையாக நடி, தப்பி ஓடு, மதிப்பெண் வாங்கு என்று. அந்தப் பக்கம் போகாதீர்கள். அதற்குப் பதில் எல்லோரும் சேர்ந்து தோற்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டுப் போனால் 'எழுத்தறிவுத் தேர்வு' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். லூசியானாவில் 1960களில் புழங்கிய ஒரு தாள் இணையத்தில் கிடைக்கிறது. 10 நிமிடம், 30 கேள்வி, ஒன்று தவறினாலும் ஓட்டு இல்லை. கேள்விகள் எப்படியும் பொருள் கொள்ளும்படி முறுக்கி எழுதப்பட்டவை. திருத்துகிறவர் நினைத்தால் எந்தப் பதிலையும் தப்பாக்கலாம். அதே பாணியில் பத்துக் கேள்வியைத் தமிழில் கூகுள் ஃபார்மில் போட்டுக் கொடுத்தேன். முதல் மாணவன் முதல் கடைசி மாணவன் வரை தோல்வி. கணக்கு சாரையும் உட்கார வைத்தோம், அவரும் தோல்வி. அவருக்குக் கோபம் வந்தது, அதுவும் பாடத்துக்கு உதவியது. யாரும் தனியாக அவமானப்படவில்லை, ஆனால் அநியாயம் என்னவென்று எல்லோருக்கும் புரிந்தது.

அதை ஒட்டி ஒரு கேள்வி போடுங்கள்: அமெரிக்காவில் இந்தத் தடைகளை உடைத்த வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஓட்டு எப்போது கிடைத்தது? 1951-52 முதல் பொதுத் தேர்தலிலேயே. எழுதத் தெரியாதவர்கள் என்பதால்தான் சின்னம் வந்தது. தினமும் சுவரில் பார்க்கும் சின்னத்துக்குப் பின்னால் இப்படி ஒரு முடிவு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் படும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நீங்கள் அமெரிக்காவைக் கேட்டீர்கள், மேலாடை அணியும் உரிமைக்காக இங்கே நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை நான் ஏன் இழுக்கிறேன் என்று தோன்றலாம். தக்கலையில் உட்கார்ந்துகொண்டு மான்ட்கோமரியை மட்டும் சொன்னால், அநியாயம் எல்லாம் வெளிநாட்டில் நடக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். உங்கள் பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் இருக்கிறது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டு, அந்த வழக்கு 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றத்தில்தான் விசாரணைக்கு வந்தது.

இதற்கு நான் பயன்படுத்துவது ஒரே ஒரு தாள்: 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பு. நாகமய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலில் இருக்கிறது. 1906இல் வந்த நூல், இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அறிவிப்பின் சாரம்: கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல மற்றவர்களும் ரவிக்கை போடலாம், எந்த மதத்து நாடார் பெண்களும் முரட்டுத் துணியை முக்குவப் (மீனவ) பெண்கள் கட்டுவதுபோலச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதத்திலும் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

அந்த ஒரு பத்தியைத் தமிழில் டைப் செய்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் வையுங்கள். 'லாம்' என்று முடியும் சொற்களுக்குப் பச்சை, 'கூடாது' என்பதற்குச் சிவப்பு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். மூன்று பச்சை, கடைசியில் ஒரே ஒரு சிவப்பு. "அப்போ குடுத்தாங்களா, குடுக்கலையா சார்?" என்ற கேள்வி அங்கே தானாக வரும். அப்போது அமெரிக்காவின் 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுங்கள். ரயிலில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி, வசதி சமமாக இருந்தால் போதும் என்றது. 'தனித்தனி, ஆனால் சமம்' என்று அதைச் சொல்வார்கள். இங்கேயும் ஒரு 'ஆனால்'. எங்கள் பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் 'ஆனால் எங்கே?' என்று தேட கண்ட்ரோல் எஃப் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு ஜாக்கிரதைகள். ஒன்று, பழைய ஆங்கில ஆவணங்களில் சாதிகளின் பழைய பெயர்கள்தான் இருக்கும். இன்று அவை வசவாகக் கேட்கும். தாளைத் திறப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், உங்கள் வாயில் இன்றைய பெயரே வரட்டும். உங்கள் வகுப்பில் அடித்தவர்களின் வழியில் வந்த பிள்ளையும் இருக்கும், அடிபட்டவர்களின் வழியில் வந்த பிள்ளையும் இருக்கும், அறிவிப்பில் ஒப்பிடப்பட்ட கடலோரச் சமூகத்துப் பிள்ளையும் இருக்கும். யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு வாசிக்காதீர்கள். இரண்டு, இணையத்தில் 'தோள்சீலைக் கலகம்' என்று தேடினால் மேலாடை இல்லாத பெண்களின் பழைய புகைப்படங்கள் வந்து குவியும். எங்கே எப்போது எடுத்தது என்று ஒரு குறிப்பும் இருக்காது. எந்த ஊர்ப் பெண்ணோ, யாருடைய பாட்டியோ. அவற்றைத் திரையில் போடாதீர்கள், பிள்ளைகளைத் தேடவும் விடாதீர்கள். அந்தப் பாடத்துக்குத் தேடுபொறியைத் திறக்க வேண்டாம், நீங்கள் கொடுத்த தாள் மட்டும் போதும். மானத்துக்காகப் போராடியவர்களைப் பற்றிய பாடம் இது.

'இது பரீட்சைக்கு வருமா?' என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ., ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் இந்த உடைப் போராட்டப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் அந்த அத்தியாயமே பாடப் புத்தகத்திலிருந்து போனது. நம் மாநிலப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில், இந்தப் பகுதியில் சாதிக் கொடுமையை எதிர்த்த வைகுண்ட சுவாமிகள் இருக்கிறார். ஒரு விஷயம் ஏன் ஒரு புத்தகத்தில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை? பழைய செய்திகளைத் தேதியோடு தேடி இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் கருத்துச் சொல்லவே தேவையில்லை.

வைகுண்டர் என்றதும் ஒரு ஜோடிப் படம் ஞாபகம் வருகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் 1939இல் ஓக்லஹோமா சிட்டியில் ரஸ்ஸல் லீ எடுத்த படம் இருக்கிறது. ஒரு கறுப்பினத்தவர், 'கறுப்பர்களுக்கு' என்று எழுதிய குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறார். பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம், பெரிதாக்கிப் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்க்கலாம். அதன் பக்கத்தில் சுவாமித்தோப்பு முத்திரிக்கிணற்றின் படத்தை வையுங்கள். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே வைகுண்டர் வைத்த கிணறு. 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர் அவர். கிணற்றின் படத்தைப் பிள்ளைகளே போய் எடுத்து வரட்டும், அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு. இரண்டு படத்துக்கும் கீழே நான் ஒன்றும் எழுதுவதில்லை.

இவற்றையெல்லாம் ஒரு வரைபடத்தில் கோக்கலாம். கூகுள் மை மேப்ஸ் போதும். பத்மநாபபுரம், சுவாமித்தோப்பு, 1926இல் தெரு நுழைவுக்காகச் சத்தியாகிரகம் நடந்த சுசீந்திரம், குமரிமுனை. வடக்கே போனால், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் வரை சத்தியாகிரகம் நடந்த வைக்கம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தேதி, ஒரு ஆதாரம், இரண்டு வரி. ஆதாரம் இல்லாத புள்ளிக்கு இடமில்லை என்று விதி போடுங்கள். வண்ணமும் அலங்காரமும் சேர்ப்பதில் பிள்ளைகள் நாள்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள், அதற்கு ஒரு பீரியடுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

என் அனுபவத்தில் அதிகம் நிலைத்தது குரல் பதிவுதான். 1936இன் ஆலயப் பிரவேசத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது கிடைக்க மாட்டார்கள். ஆனால் 'எங்கம்மா சொல்லுவா' என்று தொடங்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததைச் சிறுவயதில் கேட்டுப் பயந்தவர்கள் விளவங்கோடு பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் பகுதி தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்பதும் உரிமைப் போராட்டம்தானே. 1956 நவம்பர் 1 அன்று அது நிறைவேறியது. அதை முன்னின்று நடத்திய மார்ஷல் நேசமணியின் பெயரைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், ஆள் யாரென்று தெரியாது.

பதிவு செய்ய சாதாரணப் போன் போதும். கடலோரத்தில் காற்று இரைச்சல் குரலை விழுங்கிவிடும், வீட்டுக்குள் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மைக் துளையின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டாலே நல்ல வித்தியாசம். வாட்ஸாப்பில் பேசி அனுப்ப வேண்டாம், ரெக்கார்டரில் பதிந்து கோப்பாக வாங்குங்கள், கோப்பின் பெயரில் ஊரும் தேதியும் இருக்கட்டும். முதல் முப்பது வினாடி, 'இதை வகுப்பில் போடலாமா பாட்டி?' என்று கேட்டு அவர் சம்மதம் சொல்வது பதிவாக வேண்டும். யூடியூபில் ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். ஏற்றாதீர்கள். பாட்டி யார் பெயரைச் சொன்னார், எந்த வீட்டைச் சொன்னார் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அந்தப் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். இரண்டு பென்டிரைவில் வைத்து, ஒன்றைப் பள்ளி நூலகத்தில் பூட்டிவிடுங்கள்.

ஏ.ஐ. பற்றி நீங்கள் கேட்கவில்லை, பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள். தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி அதை ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு குழுவுக்கு ஒரு தாள் கொடுங்கள். தேதி தேதியாக, பெயர் பெயராக மூல ஆவணத்தோடு ஒப்பிடட்டும். ஆசிரியரைத் திருத்தும் சந்தோஷம் அதில் கிடைக்கிறது.

கடைசியாக நேரக் கணக்கு. போர்ஷன் முடிக்க வேண்டிய கவலை எனக்கும் இருந்தது. இது எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்தால் தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரிப்பார், அவர் மேல் தப்பில்லை. நிலாவுக்கு ஒரு பீரியட், ரோசா பார்க்ஸ் படங்களுக்கு ஒன்று, ஓட்டுத் தேர்வுக்கு ஒன்று, 1859 தாளுக்கு இரண்டு. குரல் பதிவைக் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிவிடுங்கள். பத்தாம் வகுப்பைவிட ஒன்பதில் செய்வது நிம்மதி. லேபில் இன்டர்நெட் சுற்றிக்கொண்டே இருக்கும் நாளுக்காக எல்லாப் படத்தையும் தாளையும் முந்தின நாளே இறக்கி வைத்துவிடுங்கள். ஸ்டெல்லேரியத்தை ஏற்ற லேப் பொறுப்பாளரின் பாஸ்வேர்டு வேண்டியிருக்கும், அவரிடம் இந்த வாரமே சொல்லிவையுங்கள். என் பள்ளியில் அந்த ஒரு பாஸ்வேர்டுக்காக நான் மூன்று மாதம் நடந்தேன்.